நாவல் மடுவின் வழும்பு

காட்டாறு ஒன்று மலையை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு மடு இருந்தது. கரையில் நின்ற நாவல் மரம் தண்ணீரின் மேல் சாய்ந்திருந்ததால் அதற்கு நாவல் மடு என்று பெயர். அந்த மடுவில் பிறந்த செவ்வாலி என்ற கெண்டை மீன், வயிறு நிறைய முட்டைகளோடு அங்கே திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

குஞ்சாக இருந்தபோது ஒரு வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போய்ப் பெரிய அணை ஒன்றில் தள்ளிவிட்டது. அங்கே தீனிக்குக் குறைவில்லை. ஆனால் செவ்வாலிக்கு நினைப்பெல்லாம் நாவல் மடுவில்தான். யாராவது ஒரு வார்த்தை பேச்சுக் கொடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"எங்க மடுத் தண்ணிக்கு ஒரு வாசம் உண்டு தெரியுமா! கல்லெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும்!"

அணையில் இருந்த கெளுத்திகளுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவள் வருவது தெரிந்தாலே சேற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

கோடை மழையில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் செவ்வாலி எதிர்நீச்சல் போட்டுக் கிளம்பினாள். அந்த மின்னும் கற்களின் மேல் தன் முட்டைகள் கிடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் தன் பிள்ளைகள் பிறக்க வேண்டும். வேறு ஆசையே அவளுக்கு இல்லை.

மடுவுக்குள் நுழைந்தவுடன் பழைய வாசம் வந்தது. முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் போல, ஆனால் அதைவிடக் குளிர்ச்சியாக. செவ்வாலி வாலைச் சுழற்றிப் பாய்ந்தாள். "வந்துட்டேன்!" என்று கூவிக்கொண்டு, தான் பிறந்த பெரிய பாறையில் ஆசையாக உடம்பை உரசினாள்.

உடம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று.

பார்த்தால், பாறை முழுக்கப் பச்சையும் பழுப்புமாக வழும்பு! பக்கத்துக் கல்லிலும் வழும்பு! அடியில் கிடந்த கூழாங்கற்களிலும் வழும்பு!

"சீச்சீ! என்ன அசிங்கம் இது! என் மடுவை யார் இப்படிப் பண்ணினது?"

"நாங்கதாம்மா, பயப்படாதே" என்றது வழும்பு. அது ஒரு குரலாக இல்லை, கோடிக் குரல்கள் சேர்ந்து முணுமுணுத்தது போல இருந்தது. வழும்பு என்றால் வேறொன்றுமில்லை, நுண்ணுயிர்களின் கூட்டுக் குடித்தனம். ஒவ்வொன்றும் தனியாக நின்றால் கண்ணுக்கே தெரியாது. சேர்ந்து ஒட்டிக்கொண்டால் பாறையையே மூடிவிடும்.

"நீ குஞ்சா இருந்தப்பவும் நாங்க இங்கேதான் இருந்தோம்" என்றது அது. "உதிர்ற இலையை எங்கள்ல சிலபேர் தின்போம். உங்க கழிவைச் சிலபேர் தின்போம். பச்சையா இருக்கிறவங்க வெயிலை வாங்கித் தண்ணிக்கு மூச்சு கொடுப்பாங்க."

"பொய்! அப்போ கல்லெல்லாம் சுத்தமா இருந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

நல்லா ஞாபகம் இருக்கு என்று ஒருவர் அடித்துப் பேச ஆரம்பித்துவிட்டால், அப்புறம் எதிரில் இருப்பவர் என்ன சொல்லி என்ன பயன்?

பாறைக்குப் பக்கத்தில் கொடுக்கன் என்ற நண்டு குடியிருந்தான். அவனுக்கும் வழும்பின் மேல் கோபம். முந்தின நாள்தான், அத்தனை கால்கள் இருந்தும் வழும்பில் வழுக்கி மல்லாந்து விழுந்திருந்தான். தவளைகள் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டன.

"கொடுக்கா, இதைச் சுரண்டித் தள்ளுவியா?" என்று கேட்டாள் செவ்வாலி.

"அக்கா, இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்!" என்றான் கொடுக்கன்.

அவனும் அவன் உறவுக்கார நண்டுகளும் கொடுக்குகளை வைத்துக் கல் கல்லாகச் சுரண்டினார்கள். மணலைப் போட்டுத் தேய்த்தார்கள். கிழிந்த வழும்பை ஆறு அடித்துக்கொண்டு போயிற்று.

"வேண்டாம்மா! எங்களை விரட்டிட்டு யாரை வெச்சு இந்த மடுவை நடத்துவே?" என்று அது போகிற போக்கில் கெஞ்சியது. செவ்வாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய பாறையின் அடியில் ஒரு குறுகலான இடுக்கு மட்டும் மிச்சம். அதற்குள் கொடுக்கனின் ஓடு நுழையவில்லை. "உள்ளே இருக்கிறதை யார் பார்க்கப் போறா? விடுங்கக்கா!" என்று கொடுக்கைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் வெயில் விழுந்தபோது மடு பளபளத்தது. "இதுதான் என் மடு!" என்று செவ்வாலி ஆனந்தத்தில் அழுதேவிட்டாள். மின்னும் கற்களின் மேல் முட்டைகளை இட்டாள். கடைசியாக இட்ட ஒரு சிறு கொத்தை மட்டும் நீரோட்டம் உருட்டிப்போய் இடுக்குக்குள் தள்ளியது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு மழை நின்றது. ஆற்றில் ஓட்டம் குறைந்தது. நாவல் பழங்கள் பொதபொதவென்று உதிர்ந்தன. இலைகள் விழுந்தன. காட்டெருமைகள் இறங்கிக் கிடந்துவிட்டுச் சாணம் போட்டுவிட்டுப் போயின. எல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை அதையெல்லாம் பக்குவமாகத் தின்று தீர்க்க ஆள் இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் எங்கிருந்தோ அழுகவைக்கும் நுண்ணுயிர்களின் கூட்டம் ஒன்று புகுந்தது. அது தண்ணீரில் இருந்த மூச்சையெல்லாம் உறிஞ்சியது.

தண்ணீர் கலங்கியது. நாறியது. முட்டைகளின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. செவ்வாலி துடுப்பால் விசிறி விசிறிப் பார்த்தாள். ஒரு கல்லைக் காப்பாற்றப் போனால் அடுத்த கல் வெளுத்துக் கிடந்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று கதறினாள்.

"எனக்கே மூச்சு முட்டுதக்கா!" என்று கொடுக்கன் கரையேறிவிட்டான்.

அப்போதுதான் செவ்வாலிக்கு உறைத்தது. அந்தப் பழைய வாசத்தைக் காணோம்! அணையில் இருந்த காலமெல்லாம் நினைத்து ஏங்கிய வாசம், கற்கள் மின்ன ஆரம்பித்த நாளிலிருந்தே மடுவில் இல்லை. பைத்தியம் பிடித்தவள் போலத் தேடினாள். பாறையின் அடியில், அந்த இடுக்கிலிருந்து மட்டும் லேசாக வந்தது.

உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்தாள். அங்கே வழும்பு அப்படியே இருந்தது. அதன் நடுவில், அவள் போனால் போகட்டும் என்று விட்ட கொத்து. ஒவ்வொரு முட்டையும் தெளிவாக இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்புள்ளி அசைந்தது.

"வந்துட்டியாம்மா?" என்றது வழும்பு. அது திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"என்னை மன்னிச்சிடுங்க! திரும்பவும் எல்லாக் கல்லுக்கும் வருவீங்களா?"

"எங்களுக்குக் காலா இருக்கு? நீதான் தூக்கிக்கிட்டுப் போகணும்."

அசிங்கம் என்று சொன்ன அதே வாயால் செவ்வாலி வழும்பைக் கவ்வினாள். நாக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த ருசி! பசித்த குஞ்சாக இதே பாறையில் வாயை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் கிடந்தது நினைவுக்கு வந்தது. வெயில், நாவல் நிழல், வாய் நிறைய இந்த ருசி. எத்தனை சுகமான நாட்கள் அவை!

"நீங்கதானா அது?" என்றாள். "அப்போ ஏன் என் கண்ணுக்குத் தெரியாம இருந்தீங்க?"

வழும்பு சிரித்தது. "எங்களைத் தின்னுக்கிட்டே இருந்தே. வாய்க்குள்ளே இருக்கிறதை யாரால பார்க்க முடியும்?"

செவ்வாலி வாய் வாயாக வழும்பைக் கொண்டுபோய் ஒவ்வொரு கல்லிலும் அப்பினாள். கொடுக்கனும் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவந்து, அழுகிய பழங்களை இழுத்துக் கரையில் போட்டான். மெல்ல மெல்லக் கற்கள் பச்சையாயின. ஒரு மழையும் பெய்தது. தண்ணீர் தெளிந்தது. பழைய வாசம் திரும்பியது.

வெளுத்துப்போன முட்டைகள் மட்டும் திரும்பவில்லை. அந்தக் கற்களைக் கடக்கும்போதெல்லாம் செவ்வாலி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவாள்.

இடுக்கிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்தன. வந்ததும் வராததுமாகப் பாறையில் வாயை வைத்தன. செவ்வாலி பக்கத்தில் போய், "பிள்ளைங்களா, நீங்க சாப்பிடறது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாள். ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் வாய் நிறைந்திருந்தது.

நம்மை வளர்த்தவர்கள் நம் நினைவில் இல்லை என்பதற்காக, அவர்களை அழுக்கென்று துடைத்தெறியக் கூடாது.