ஒரு கிளிம்ப்ஸ்

"ஒரு கிளிம்ப்ஸ்தான் கிடைக்குது, சிஸ்டர். அதுக்கு மேல ஒண்ணுமில்ல," என்றாள் சுகிர்தா.

சிஸ்டர் பெர்னதெத் ஜெபமாலையைப் பைக்குள் வைத்தார். பள்ளியில் சுகிர்தாவுக்கு ஆங்கிலம் எடுத்த கன்னியாஸ்திரி. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சுகிர்தாவின் மகன் குறைமாதத்தில் பிறந்தவன். உள்ளே, கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். தினமும் மாலையில் நர்ஸ் ஜன்னல் திரையை விலக்குவாள். தாய்மார்கள் வெளியே நின்று பார்க்கலாம். கொஞ்ச நேரம்தான், ஒரு கணப் பார்வை. பிறகு திரையை இழுத்துவிடுவாள்.

இப்படி இருந்தால் பிள்ளைக்குத் தாயைத் தெரியுமா, தாய்க்குத்தான் பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டாள் சுகிர்தா.

ஒன்பதாம் வகுப்பில் 'கேட்ச் எ கிளிம்ப்ஸ்' என்பதை வைத்து என்ன வாக்கியம் எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா என்றார் சிஸ்டர்.

சுகிர்தாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. திருச்சபையின் ஆயர் பள்ளிக்கு வந்த அன்று, கூட்டத்தில் அவள் கண்ணில் பட்டது அவருடைய கார் மட்டும்தான். எழுதியதோ ஆயரையே பார்த்ததாக. ஆயர் கையில் என்ன வைத்திருந்தார் என்று சிஸ்டர் கேட்க, முழித்தாள். சிஸ்டர் வகுப்பில் அதுதான் சட்டம். என்ன பார்த்தாய் என்று சொல்ல முடியாத வாக்கியத்துக்கு மார்க் கிடையாது.

"கோழிமுட்டை போட்டீங்க."

"இப்ப சொல்லு. நேத்து திரை விலகிச்சே, என்ன பார்த்த?"



"கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன், சிஸ்டர்."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும்."

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் தலையில் குட்டியது நீங்கள்தானே என்றாள் சுகிர்தா. சிஸ்டர் தலையசைத்து ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் சுகிர்தா மெல்லச் சொன்னாள்.

"நான் பார்க்கும்போது அவன் நெஞ்சு அசையலேன்னா?"



உள்ளே நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து ஜன்னலருகே போனார்கள். சுகிர்தாவின் கைகள் தாமாகவே குவிந்தன. இமைகள் இறங்கின.

சிஸ்டர் அந்தக் கைகளைப் பிரித்துக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"ஜெபத்தை நான் பார்த்துக்கிறேன். நீ பிள்ளையைப் பாரு."

சொல்லிவிட்டுத் தன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

திரை விலகும் சத்தம்.

சுகிர்தாவின் நெற்றி கண்ணாடியில் முட்டியது.

"சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"கொட்டாவி விடுறான், சிஸ்டர்."