துண்டுக்கு அடியில் பேசிய விலை

"கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால் அது நியாயமான விலைதானே?" என்று மாசிலாமணி கேட்டார்.

ஷம்ஷாத் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"யாரு கேட்ட விலை, சார்?"

"விற்கிறவர் கேட்ட விலை."

"தெரிஞ்சு கேட்டதா, தெரியாம கேட்டதா?"

மாசிலாமணி யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெஞ்சு மேல ஏறி நில்லுங்க," என்றாள் ஷம்ஷாத்.

முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் மாசிலாமணி. அவரிடம் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கணக்கில் தவறியவள் ஷம்ஷாத். பணி ஓய்வுக்குப் பிறகு உக்கடத்தில் அவளுடைய கடையில் சேர்ந்து, பழைய காகிதச் சாமான்களுக்கு விலை மதிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார். நாணயம் பார்ப்பவர்கள் உண்டு, சிலை பார்ப்பவர்கள் உண்டு. காகிதம் பார்க்க அவளை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு.

சேர்ந்த அன்று அவளை "வாங்க, போங்க" என்றுதான் பேச ஆரம்பித்தார்.

"நீன்னே கூப்பிடுங்க சார். கூச்சமா இருக்கு."

"அப்போ நீ மாணவி. இப்போ நானாச்சே."

"மாணவர்னா ஃபீஸ் கட்டோணும். டீ வாங்கிட்டு வாங்க."

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. விலையை வாயால் சொல்லக் கூடாது.

அவளுடைய அப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். அங்கே துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் என்றால் விட்டு விட்டுப் பிடிப்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆயிரமா லட்சமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா போனபின் மாடு போயிற்று. துண்டு மட்டும் அவளோடு வந்தது.

"வாங்கறவன் கை முதல்ல உள்ள போகோணும். போய்க் காத்திருக்கோணும்," என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். "முகத்தைப் பாக்கக் கூடாது. வேற எங்கயாச்சும் பாருங்க. முகத்தைப் பாத்தா விலை மாறிப்போயிரும்."

ஒன்றரை வருஷம் ஆயிற்று. மாசிலாமணி அந்தத் துண்டுக்கு அடியில் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

அன்று கோத்தகிரியிலிருந்து ஒரு போன் வந்தது.

ஷம்ஷாத் கேட்டுவிட்டுக் கீழே வைத்தாள்.

"கிரிக்கெட் அட்டை. டீத்தூள் பொட்டலத்துல வெச்சுக் குடுப்பாங்களே, அந்தக் காலத்து அட்டை. பதினோராயிரம் இருக்காம்."

"பதினோராயிரமா?"

"நீங்க வாங்குங்க, சார். உங்க பணம். உங்க விலை. நான் கூட வர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மாசிலாமணியிடம் ஓய்வுப் பணத்தில் மிச்சம் நாலு லட்சம் இருந்தது. அதற்கு மேல் இந்த உலகத்தில் அவருக்கு வேறு பணம் கிடையாது.

*

வீடு ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. காலை பத்து மணிக்கே மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றிருந்தது.

கதவைத் திறந்தவர் ஃபுளோரா அம்மாள். எழுபத்து நாலு வயது. அட்டைகளைச் சேர்த்தது அவருடைய அண்ணன் எட்வின். எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன தை மாதம் இறந்துபோனார்.

"உக்காருங்க தம்பி. நீயும் உக்காரு கண்ணு. பழைய பேப்பர்காரன் வந்து பாத்தான். கிலோ பதினாலு ரூபாங்கறான். மனசு கேக்கலை."

"நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்கம்மா?" என்றார் மாசிலாமணி.

"குன்னூர்ல ஒரு ஹோம்ல இடம் இருக்கு. மூணு லட்சம் டெபாசிட். அது கெடைச்சாப் போதும். கர்த்தர் புண்ணியத்துல கடைசிக் காலம் ஓடிரும்."

மாசிலாமணி ஷம்ஷாத்தைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

கூடத்து மேஜையில் இருபத்து நாலு ஆல்பங்கள் இருந்தன.

அவர் முதல் ஆல்பத்தைத் திறந்தார்.

எல்லா வீரர்களும் ஒரே ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்கள். பின்னால் ஒரே திரை. திரையில் வரைந்த ஒரே மரம். கீழே ஒரே கோரைப்பாய். ஏதோ ஓர் அறைக்குள் ஆள் மாற்றி ஆள் வந்து நின்றுவிட்டுப் போனது போல் இருந்தது.

நாலு முனையும் மழுங்காமல் இருக்கிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா, பின்பக்கம் பசையின் வடு உண்டா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். நோட்டில் குறித்தார்.

ஏழாவது ஆல்பம் முழுக்க ஒரே மனிதனின் முகம். மீசை வைத்த ஒரு விக்கெட் கீப்பர். ஒரே அட்டை, நானூற்று எண்பது பிரதி.

"எல்லாம் டபுள்," என்றார் மாசிலாமணி. "இவ்வளவு எதுக்கு வெச்சிருந்தார்?"

"நானும் கேட்டிருக்கேன் தம்பி. ரெண்டு ஒரே மாதிரி இல்ல புளோராம்பான். உத்துப் பாரும்பான்."

மாசிலாமணி உற்றுப் பார்த்தார். ஒரு முகம் இன்னொரு முகம் போல் இல்லை.

பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் பழைய பக்கத்துக்கு வந்தார். பிறகு ஆல்பத்தை மூடி, அதைக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் பனி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் வந்தது. யாரும் எழுந்துபோய் ஜன்னலை மூடவில்லை.

மூன்றரை மணிக்கு அவர் கூட்டி முடித்தார். விற்றால் வருவது எவ்வளவு, அதில் வாங்குகிறவனுக்கு நியாயமான லாபம் எவ்வளவு, அதைக் கழித்தால் எவ்வளவு. ஒரு முறை கூட்டினார். கீழிருந்து மேலாக மறுபடியும் கூட்டினார். கணக்கு வாத்தியார் அல்லவா. தப்பவில்லை.

பன்னிரண்டு லட்சம்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஷம்ஷாத் எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். வாசலைத் தாண்டிப் போனாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் பனிக்குள் நின்றாள்.

துண்டுப் பேச்சு எப்படி என்று மாசிலாமணி ஃபுளோரா அம்மாளுக்கு விளக்கினார். அம்மாளுக்குச் சிரிப்பு.

"இந்த வயசுல என் கையைப் பிடிக்கணுங்கறீங்க. பால் அடுப்புல இருக்கு. எறக்கி வெச்சுட்டு வந்துடறேன்."

மாசிலாமணி வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று என்று முடிவு செய்திருந்தார். அம்மா கேட்டது மூன்று. அவருக்குத் தேவையும் மூன்று. கொடுத்தால் வாழ்த்துவார். வாழ்த்துகிற விலையில் என்ன தப்பு இருக்க முடியும்?

எதிரே நாற்காலி கிறீச்சிட்டது.

துண்டுக்கு அடியில் ஒரு கை வந்தது. குளிர்ந்திருந்தது. பனி நாளில் எல்லார் கையும் குளிரத்தானே செய்யும். விரல் நுனிகள் மட்டும் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தன.

மாசிலாமணி மூன்று விரல்களைப் பிடித்தார்.

அந்தக் கை விலகிக்கொண்டது. பிறகு அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தது.

ஐந்தா? மூன்றுதானே கேட்டார்கள்?

நான்கு விரல்களைப் பிடித்தார். அவரிடம் இருப்பதே அவ்வளவுதான்.

அந்தக் கை அவர் பிடியை நிதானமாகப் பிரித்தது. மறுபடி ஐந்தையும் பிடித்தது. விட்டது. மறுபடி ஐந்து. விட்டது. பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது.

ஐந்து. ஐந்து. இரண்டு.

ஜன்னலுக்கு வெளியே ஷம்ஷாத் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கம்பளியைப் பிடித்திருந்தாள்.

"லேட்டாயிருச்சு தம்பி," என்று சமையலறைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சர்க்கரை டப்பா ஆப்படலை."

மாசிலாமணி திரும்பினார்.

ஃபுளோரா அம்மாள் கதவருகே நின்றிருந்தார். இரண்டு கைகளிலும் தட்டு. தட்டில் மூன்று டம்ளர் காபி.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. துண்டு சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. அவர் கை இருந்த இடத்தில் மட்டும் மேடு. அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்த பிடி விடவில்லை.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றார் அம்மாள். தட்டை வைத்துவிட்டு நாற்காலியை நோக்கி வந்தார்.

"வேண்டாம்மா. அங்க உக்காராதீங்க."

"ஏன் தம்பி? மூஞ்சி வேர்த்துருச்சே."

"அம்மா, இதெல்லாம் பன்னிரண்டு லட்சம் பெறும்," என்றார் மாசிலாமணி. வாயைத் திறந்து, உரக்க, பள்ளிக்கூடத்தில் விடை சொல்வது போல். "என்கிட்ட நாலுதான் இருக்கு."

பிடி விட்டது.

அம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான் மூணுதானே கேட்டேன்?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"கேட்டாங்கம்மா."

"யாரு?"

மாசிலாமணி துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் ஷம்ஷாத் வந்து நின்றிருந்தாள்.

ஆல்பத்துக்கு ஆல்பம் தொகை குறித்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. கூட்டினால் நாலு லட்சம் வருகிற மாதிரி எட்டு ஆல்பங்களை எடுத்துக்கொண்டார். ஏழாவதை எடுக்கவில்லை. மற்ற பதினாறுக்கும் தனித்தனியே விலை எழுதி, யார் யாரிடம் காட்டலாம் என்று நாலு பெயர்களும் எழுதி, அம்மாளிடம் கொடுத்தார். செக் எழுதினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. ரசீது."

"போட்டாப் போச்சு. எனக்காச்சும் கையெழுத்து, கைரேகை எல்லாம் ஒழுங்கு. எங்கண்ணன்தான் ரேஷன் கடையில சண்டை போட்டுட்டு வருவான். மெஷின்ல விரல் வெச்சா ரேகையே விழாது."

மாசிலாமணி நீட்டிய பேனா பாதியில் நின்றது.

"ஏங்கம்மா?"

"அம்பது வருசமா இந்த அட்டைகளைத் தடவித் தடவி எல்லாம் தேஞ்சு போச்சு. நுனியெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்கும்."

*

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஆல்பங்களை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மாசிலாமணி சொன்னார்.

"சட்டத்தை மீறிட்டேன். வாயால சொல்லிட்டேன்."

"கேட்டுச்சுங்க சார்."

"அங்க ஒரு கை இருந்தது, ஷம்ஷாத்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல உங்க முகத்தைப் பாத்தேன்."

பஸ் திரும்பியது. ஆல்பங்கள் அவர் பக்கமாகச் சரிந்தன. அவர் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ஒருக்கா வந்துச்சுங்க சார். தாராபுரத்துல ஒரு வீடு. ஸ்டாம்பு. பதினோரு வருசம் இருக்கும்."

"என்ன விலை சொல்லிச்சு?"

"சரியான விலைதான்."

"நீ என்ன பண்ணினே?"

"உதறிட்டேன். அதுல வந்த லாபத்துலதான் கடை வெச்சேன்."

மாசிலாமணி அவளைப் பார்த்தார். அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், ஆளு வர்றதுக்கு முன்னாடியே துண்டுக்கடியில கையை வெச்சுட்டு உக்காந்திருவேன் சார். ரொம்ப நேரம் உக்காந்திருப்பேன்."

அவள் கம்பளிக்குள் கைகளை இழுத்துக்கொண்டாள்.

"ஒருக்காகூட வந்ததில்லைங்க."