நாலு பிரவுசரிலும் ஒரே அட்டவணை

பாளையங்கோட்டையில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுப்பவர் ஷமீமா. வயது முப்பத்தொன்று. அவரிடம் படிக்க வந்த பிலவேந்திரனுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தவர். ஷமீமாவை அவர் டீச்சர் என்பார். அவரை ஷமீமா அண்ணாச்சி என்பார்.

பிலவேந்திரனுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு டயாலிசிஸ் மையத்தின் வெப்சைட்டைப் புதுப்பிப்பது. அதில் உயிர்நாடி வாராந்திர அட்டவணைதான். எந்த எண்ணுள்ள நோயாளிக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மெஷின் என்று அதைப் பார்த்துத்தான் எழுபது பேர் வீட்டிலிருந்து கிளம்புவார்கள்.

பழைய அட்டவணை கண்கொண்டு பார்க்க முடியாதபடி இருந்தது. பிலவேந்திரன் புதிதாக ஒன்று செய்தார். நாலு பிரவுசரில் திறந்து பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார்.

"அநியாயம் டீச்சர். நான் போட்டது ஒரு கோடு. ஒண்ணு அதை ரெட்டைக்கோடா காட்டுது. இன்னொண்ணு கட்டத்துக்குக் கட்டம் சந்து விடுது. போன்ல பாத்தா வரியெல்லாம் ஊதிப்போய்க் கெடக்கு. பிரஸ்ல போட்ட கோடு போட்ட எடத்துல நிக்கும். இதுகளுக்கு என்ன கேடு?"

"பிரவுசர் தானாப் போடுற கோடு, இடைவெளி எல்லாத்தையும் மொதல்ல பூஜ்யமாக்குங்க அண்ணாச்சி. அடுத்தடுத்த கட்டத்தோட கோட்டை ஒண்ணாச் சேக்கச் சொல்லுங்க. பெறவு உங்களுக்கு வேணுங்கறதைச் சொல்லுங்க."

செய்தார். ஏறக்குறைய எல்லாம் சரியானது. ஒன்றில் மட்டும் கோடு மயிரிழை தடித்துத் தெரிந்தது.

"அவ்வளவு போதும்" என்றார் ஷமீமா.

"எப்படிப் போதும்? நாலுலயும் ஒண்ணு போல எப்ப வரும்?"

"யாருக்கு ஒண்ணு போல?"

பிலவேந்திரன் அதைக் காதில் வாங்கவில்லை. கோபக்காரனுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும்.

சனிக்கிழமை ஷமீமா வகுப்புக்கு வரவில்லை. அன்று பிலவேந்திரன் நாலு கம்ப்யூட்டரை வரிசையாக வைத்து மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலிலும் அட்டவணை அச்சில் வார்த்தது போல் நின்றது. எப்படி என்று கேட்டார்கள். அட்டவணையைப் பத்திரிகை மாதிரி வடிவமைத்து, அப்படியே ஒரு படமாக ஏற்றிவிட்டேன் என்றார். படத்தில் எந்தப் பிரவுசரும் கை வைக்க முடியாதே! எல்லோரும் கைதட்டினார்கள். மையத்தின் வெப்சைட்டிலும் அன்றே அது ஏறிவிட்டது.

புதன்கிழமை காலை மையத்து நர்ஸ் ஷமீமாவைப் போனில் பிடித்துத் திட்டித் தீர்த்தார். ஆவுடையப்பன் என்ற நோயாளியின் முறை இந்த வார அட்டவணையில் செவ்வாயிலிருந்து திங்களுக்கு மாறியிருந்தது. அவர் வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். மெஷின் எதுவும் காலியில்லை. போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் செய்துகொண்டவருக்கு அடுத்து புதன்கிழமைதான் இடம் கிடைத்தது. கால் வீங்கி, மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வந்தார்களாம்.

ஷமீமா இதைச் சொன்னதும் பிலவேந்திரன் துள்ளினார். "திங்கள்னு பளிச்சுன்னு போட்டிருக்கேனே! எந்தப் பிரவுசர்லயும் பாக்கலாமே! பாக்காம வந்தது யார் தப்பு?"

ஷமீமாவின் முகம் சிவந்தது. "செருப்பைப் போடுங்க அண்ணாச்சி" என்றார்.

மையத்தில் ஆவுடையப்பன் கையில் குழாயோடு சாய்ந்திருந்தார். இரண்டு கண்ணும் வெள்ளை பூத்திருந்தன.

"ஐயா, அட்டவணையைப் போடுங்க. இவர் கேக்கட்டும்" என்றார் ஷமீமா.

ஆவுடையப்பன் போனைத் தடவினார். வெப்சைட்டில் எழுதியுள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும் குரல் அதிலிருந்து வந்தது. மையத்தின் பெயரைச் சொன்னது. முகவரியைச் சொன்னது. பிறகு, "படம்" என்றது. அடுத்து, "பக்கம் முடிந்தது" என்றது.

"இவ்வளவுதான் சொல்லுது" என்றார் ஆவுடையப்பன். "கண்ணைச் சர்க்கரை தின்னுட்டு. அதுக்கு நான் ஒருத்தரையும் ஏசல. ஆனா போன வாரம் வரைக்கும் இந்தப் போனு என் நம்பர், கெழமை, மணி எல்லாம் வாசிச்சிச்சு. நான் யாரையும் கெஞ்ச வேண்டி வரல. எந்தப் பய அதை எடுத்தான்?"

நர்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான்தான்யா" என்றார் பிலவேந்திரன்.

"நீ யாரு?"

"அட்டவணை போட்டவன்."

"என்ன கோவம் எம்மேல?"

பிலவேந்திரன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, தன் போனில் படத்தைத் திறந்து வாசித்தார். "நாப்பத்தொண்ணாம் நம்பர். திங்களும் வியாழனும். காலை ஆறு மணி. மூணாவது மெஷின்."

"இது ஒண்ணு தெரியாமலா மூச்சு முட்டிக் கெடந்தேன்!" என்றார் ஆவுடையப்பன்.

வெளியே வந்ததும் படியிலேயே நின்றுவிட்டார் பிலவேந்திரன். வெட்கமாக இருந்தது; வீம்பும் விடவில்லை.

"இன்னைக்கே படத்தை எடுத்துட்டு எழுத்தாப் போட்டுர்றேன். ஆனா டீச்சர், பழையபடி நாலு பிரவுசரும் ஆளுக்கு ஒரு கோடு காட்டுமே. அதை என்ன செய்ய?"

ஷமீமா ஸ்கூட்டரை நிமிர்த்தினார்.

"நாலும் நாலு விதமாக் காட்டிட்டுப் போகட்டும் அண்ணாச்சி. திங்கக்கெழமை மட்டும் எல்லாருக்கும் திங்கக்கெழமையா இருக்கட்டும்."