இடப்பக்கம் இழுத்த கார்

கோவில்பட்டியில் கல்யாண மண்டபம் வைத்திருந்த தனுஷ்கோடிக்கு, ஊரில் தன்னைவிட்டால் ஆளே இல்லை என்று நினைப்பு. திடீரென்று அவருடைய கார் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் கடையில் மெக்கானிக் இசக்கி சோதித்துப் பார்த்தார்.

"இடது முன்சக்கரம் எதுலயோ பலமா இடிச்சிருக்கு. உள்ள ராடு வளைஞ்சுபோச்சு" என்றார்.

தனுஷ்கோடி, தன் டிரைவர் செல்லக்கனியை முறைத்தார். "பொம்பள கையில ஸ்டியரிங்கக் குடுத்தா இப்படித்தான். நீ இடிக்கலன்னு இப்பவே நிரூபி. இல்லன்னா இன்னையோட உனக்கு வேலை கிடையாது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லக்கனிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பணிவாகவே பேசினாள்.

"அது கிடக்கட்டும் முதலாளி. நான் லீவுல இருந்தப்ப நீங்களே காரை எடுத்து, பஸ் ஸ்டாண்டு முன்னால ரோட்டு நடுத்திட்டு மேலயே ஏத்தி இறக்கினீங்களாமே? இந்த வயசுல அவரால முடியாது, சும்மா கதை விடாதீங்கன்னு அப்படிச் சொன்னவங்ககிட்ட சொல்லிட்டேன்."

தனுஷ்கோடிக்கு மீசை துடித்தது. "யாருக்குடி வயசு? ஒரே மிதி! திட்டு மேல ஏறி அந்தப் பக்கம் குதிச்சேன். பஸ் ஸ்டாண்டே வாயப் பிளந்துச்சு!"

"அதுலதான் முதலாளி ராடு வளைஞ்சிருக்கு" என்றார் இசக்கி.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகுநேரமானது. சாயங்காலத்துக்குள் கார் சரியாகி, செல்லக்கனி ஓட்ட நேராகப் போனது. தனுஷ்கோடியை நேராக்கத்தான் அந்தக் கடையில் மிஷின் இல்லை.