கஞ்சி கிளம்பவில்லை

மடத்துக்குள் அந்தச் செயலி நுழைந்தது அரங்கநாயகத்தால்தான். கம்பெனியில் மேலாளராக இருந்தவர், மன அமைதி வேண்டுமென்று வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தில், ஆபீசில் எல்லாரும் பேசிக்கொள்ளும் செயலியை இங்கேயும் ஒவ்வொருவர் செல்போனிலும் ஏற்றிவிட்டார். சமையலுக்கு ஒரு குழு. தோட்டத்துக்கு ஒரு குழு. மாட்டுத்தொழுவத்துக்கு ஒரு குழு. எதை எந்தக் குழுவில் எழுதுவது என்று கேட்க இன்னொரு குழு.

மடத்தில் யார் எதிரில் வந்தாலும் கும்பிடுவது வழக்கம். அதனால் யார் என்ன எழுதினாலும், கீழே எல்லாரும் கும்பிடும் கைப் படத்தைப் போட்டார்கள். போடாமல் விட்டால் மரியாதைக் குறைவு.

ஒருநாள் காலை அரங்கநாயகம் செல்போனும் கையுமாக ஓடி வந்தார். மடத்தின் குரு உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரங்கநாயகத்தைவிட வயதில் சிறியவர்.

"அம்மா, இனிமே என்னால முடியாது. மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"என்னாச்சு அண்ணாச்சி?"

"தினமும் ஆஸ்பத்திரிக்குப் போற கஞ்சி இன்னும் கிளம்பலை. பிள்ளை பெத்தவங்க வெறும் வயித்தோட உக்காந்திருக்காங்களாம். நர்ஸம்மா போன் பண்ணிட்டாங்க."

"இங்க யாருக்கும் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும்! வேன் டயர் வெடிச்சிருச்சு, அடுப்பை விட்டு நான் நகர முடியாது, யாராவது ஆட்டோவுல கொண்டுபோங்கன்னு நம்ம சமையக்காரப் பேச்சிக்கனி விடியும்போதே எழுதியிருக்கு. மொத்த மடமும் கும்பிட்டிருக்கு. ஒருத்தரும் போகலை."

"ஏனாம்?"

"கேட்டா, இத்தனை பேர் கும்பிட்டிருக்காங்களே, யாராவது போயிருப்பாங்கன்னு நினைச்சேன்கிறாங்க. அதுக்குள்ள கன்னுக்குட்டி போட்டோ வேற வந்து விழுந்துருச்சு. போட்ட பதில் எங்கயோ ஒரு மூலையில போயி ஒளிஞ்சுக்குது. கஞ்சின்னு தேடினா போன வருசத்துக் கஞ்சியெல்லாம் வருது. சிவப்புப் புள்ளி மட்டும் அழியவே மாட்டேங்குது!"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா. அவசரத்துக்குன்னு தனியா ஒரு குழு ஆரம்பிச்சிரட்டுமா?"

"நீங்களும் கும்பிட்டீங்களா அண்ணாச்சி?"

அரங்கநாயகம் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"முதல் கும்பிடே என்னுதுதான்."

உலகம்மை முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தார். சமையற்கட்டு வாசலில் கஞ்சிக் குண்டான் மூடியபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

"சூடு இருக்கு. அந்தப் பக்கம் பிடிங்க."

"அம்மா, நீங்க எதுக்கு? ஆளைக் கூப்பிடுதேன்."

"எந்தக் குழுவுல?"

அரங்கநாயகம் குனிந்து பிடித்தார்.

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. இருவரும் ஏறினார்கள். "ஐயா, ரோடு ஒரு லட்சணமா இல்லை. வண்டியில சிந்திராமப் பாத்துக்கோங்க" என்றார் டிரைவர். அரங்கநாயகம் குண்டானை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் நெளிந்தார். குனிந்து பையைப் பார்த்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூடி ஆடியது.

"அம்மா."

"சொல்லுங்க."

"கஞ்சி கிளம்பிருச்சான்னு எல்லாரும் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. குழுவுல ஒரு வரி எழுதிரட்டுமா?"

"தாராளமா எழுதுங்க அண்ணாச்சி. குண்டானை மட்டும் விட்டுராதீங்க."