நீர்நாய் ஏன் எழுந்து நின்று வயலைப் பார்க்கிறது

உயிர்களெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காவிரிக் கரையை ஒட்டி வைரப்பன் என்பவனுக்கு வயல் இருந்தது. வயல் ஓரத்தில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் வளை தோண்டி ஒரு நீர்நாய் குடியிருந்தாள். குட்டிகளையும் அங்கேதான் ஈன்றாள். அவனை அண்ணே என்பாள். அவன் தங்கச்சி என்பான். குட்டையில் பாதி மீன் அவள் வயிற்றுக்குள்தான் போனது. அதற்காக அவன் முகம் சுளித்ததே இல்லை.

ஆனால் குட்டிகள் வளர வளர வளையும் வளர்ந்தது. சம்பா கதிர் விட்ட மார்கழியில் கரை கசிந்து, தண்ணீரெல்லாம் வீணாக வடிகாலில் ஓடியது. வைரப்பனின் மனைவி செங்கமலம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தங்கச்சியாம் தங்கச்சி! கருது பால் புடிக்கிற நேரத்துல தண்ணி இல்லேன்னா எல்லாம் பதராப் போயிடும். வருசம் பூரா என்னத்தத் திங்கிறது? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

வைரப்பன் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னான். "கரையை அடைச்சாத்தான் பயிரு பொழைக்கும் தங்கச்சி. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்து மடுவுக்குப் போயிரு. அறுப்பு முடிஞ்சு வயல் வெறுமையாக் கிடக்கிறதைப் பாத்ததும் வந்துடு. ஒனக்கு எடம் விட்டு வைக்கிறேன்."

"வந்துடலாம்ல அண்ணே?"

"வந்துடு."

மடுவில் மீனுக்குக் குறைவில்லை. இருந்தும் அவளுக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. விடிந்ததும் ஆற்றங்கரை மேட்டில் ஏறி, பின்னங்காலில் எழுந்து நின்று வயலைப் பார்ப்பாள்.

தை பிறந்தது. வைரப்பன் எப்போதும் செய்வதையே செய்தான். அறுப்புக்குச் சில நாள் முன்பு, மண் ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்தான். காவிரிப் பக்கத்து ஆட்களுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. தங்கச்சியிடம் சொன்ன சொல் அவனுக்கு நினைவுக்கே வரவில்லை, பாவி மனிதன்! நெல்லை அறுத்தெடுத்தபோது தாளுக்கு நடுவே உளுந்து தளதளவென்று நின்றது.

மேட்டிலிருந்து பார்த்தவளுக்குப் பச்சைதான் தெரிந்தது. "இன்னும் அறுக்கலை," என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். இங்கே வைரப்பன் குட்டைக் கரையில் உட்கார்ந்து, கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று ஏங்கினான். விரட்டியவன் எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவான்?

சித்திரை பிறக்கும்போது உளுந்தைப் பறித்து முடித்தார்கள். வயல் வெறுமையானதைக் கண்டு அவள் குட்டிகளோடு ஓடோடி வந்தாள். குட்டை வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"வெறுமையானதும் வரச் சொன்னியே அண்ணே," என்றாள்.

வைரப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "உளுந்து வெதச்சதை மறந்துட்டேனே தங்கச்சி! நீ கோவிச்சுக்கிட்டேன்னுல்ல நெனைச்சேன். அடுத்த தையில உளுந்து போட மாட்டேன். நீ வந்துடு."

அவள் நம்பித்தான் திரும்பிப் போனாள். அவனும் மனதாரத்தான் சொன்னான். ஆனால் அடுத்த தையில் ஈர மண்ணைக் கண்டதும் செங்கமலம் மடி நிறைய உளுந்தோடு வயலில் இறங்கிவிட்டாள். வைரப்பன் வரப்பில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தான். வீட்டுச் சோற்றை நினைத்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் தொடங்கியதுதான், ஆற்றங்கரையில் நீர்நாய் பின்னங்காலில் எழுந்து, கழுத்தை நீட்டி வயல் பக்கம் பார்ப்பது. பச்சையைக் கண்டதும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அண்ணன் இன்னும் அறுக்கவில்லை என்றுதான் அது இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது.