ஒத்தை ஆள் போன்

கோணாம்பட்டி எங்கே என்று கேட்க வேண்டாம். போடி டவுன் பஸ் போய்த் திரும்புகிற கடைசி இடம். அங்கே ஒரு இலவம்பஞ்சு மெத்தைக் கடை. முதலாளிகள் மூன்று பேர். மூன்று பேர் மூளையையும் சேர்த்து அடைத்தாலும் ஒரு தலையணை ரொம்பாது.

தவசிக்கு விலை தெரியும். மொக்கராசுக்குத் தையல் தெரியும். ஒச்சப்பனுக்கு இரண்டும் தெரியாது. இது அவன் கதை.

ஒச்சப்பன் பெண்டாட்டியின் அண்ணன் பால்சாமி அரிசி மில் வைத்திருந்தார். தங்கச்சி புருசன் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"மாப்ள, ஆடி முடியறதுக்குள்ள நூறு மெத்தைக்குக் கொறையாம ஒரு ஆர்டர் புடி. இல்லாட்டி மில்லுக்கு வந்து மூட்டை எண்ணு. ஆவணி ஒண்ணாந்தேதி காலைல போன் போட்டுக் கேப்பேன்."

ஒச்சப்பனுக்குத் தவிடு ஆகாது. தும்மல் வரும். கல்யாணத்தன்று மச்சான் பக்கத்தில் நின்றதற்கே மாலை அறுகிறவரை தும்மியவன். மில்லுக்குப் போனால் ஆள் தேற மாட்டான்.

ஆர்டர் பிடிக்கப் போன் வேண்டும். கடைக்கு இருந்த ஒரே செல்போனைப் போன மாதம் மொக்கராசு ஒரு மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டான். மெத்தை கம்பம் டவுனுக்குப் போய்விட்டது. வந்த ஆர்டர் எல்லாம் அங்கே ஒரு வாத்தியார் முதுகுக்குக் கீழே அடித்து ஓய்ந்தது.

இன்டர்நெட்டில் ஓடுகிற போன் மலிவு என்று யாரோ சொன்னார்கள். மூன்று கம்பெனியில் விசாரித்தார்கள். மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

முதல் கம்பெனி, இருபத்திநாலு மணி நேரமும் வேலை செய்யும் என்றது. நாம் கடை திறப்பது பத்து மணி நேரம், தூங்குகிற நேரத்துக்கு எதற்குக் காசு என்று தவசி தள்ளிவிட்டான்.

இரண்டாவது கம்பெனி, அறுபது நாட்டுக்குப் பேசலாம் என்றது. மொக்கராசு பயந்துபோனான். அறுபது நாட்டுக்காரனும் மெத்தை பார்க்கக் கிளம்பி வந்தால் கடையில் இருப்பது மூன்று நாற்காலி.

மூன்றாவது கம்பெனிதான் சரியாகப் பேசியது. ஒரு ஆள் மட்டும் உபயோகித்தால் மாதம் இருநூறு. ஆள் கூடினால் ஆளுக்கு இன்னொரு இருநூறு. அந்தக் கம்பெனிப் பெண் பொறுமைசாலி. பாவம், இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது.

"கஸ்டமர் கேக்குறதுக்குப் பதில் தெரியலேன்னா ஹோல்டு பட்டனை அமுக்குங்க சார். அவங்களுக்குப் பாட்டு கேக்கும். பதிலோட வந்து மறுபடி அமுக்குங்க. நடுவுல கட் மட்டும் பண்ணிராதீங்க."

சும்மா இருப்பவன் என்பதால் ஒச்சப்பன்தான் அந்த ஒரு ஆள் என்று முடிவாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். தவசிக்குச் சந்தேகம் வந்தது.

"உபயோகம்னா என்னப்பா? பேசுறது மட்டுமா, கேக்குறதுமா?"

மொக்கராசு நெடுநேரம் யோசித்தான். "டீக்கடை ரேடியோவ நான் வாங்கல. ஆனா தெனமும் கேக்குறேன். அப்ப நான் உபயோகிக்கிறேன்லடா?"

"ஆமா."

"அப்ப ஒச்சப்பன் பேசுறது நம்ம காதுல விழுந்தா நாமளும் உபயோகிச்ச மாதிரிதான். மூணு ஆளுக்குப் பில்லு வந்துரும்."

பஞ்சுக் கடையில் இதற்கு வழியா இல்லை? போன் அடித்தால் தவசியும் மொக்கராசும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்வது என்று ஏற்பாடு.

போன் மாட்ட வந்தவன், பஞ்சுத் தூசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். மொக்கராசு உடனே போனுக்கு ஒரு உறை போட்டு நாலு பக்கமும் தைத்தான். போன் அடிக்கும். ஒச்சப்பன் கத்தரிக்கோலைத் தேடித் தையலைப் பிரிப்பான். அதற்குள் ஓய்ந்துவிடும். மொக்கராசு மறுபடி தைப்பான். மூன்று நாளில் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். ஒருத்தரோடும் பேசவில்லை.

நாலாம் நாள் தவசி வழி கண்டுபிடித்தான். போனோடு ஒச்சப்பனையும் சேர்த்து உறைக்குள் போடுவது. ஆறடிக்கு மூன்றடி மெத்தை உறை. காற்றுக்கு ஒரு பக்கம் திறப்பு. ஒச்சப்பன் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வேர்த்து ஊற்றியது. மில்லுக்கு இது தேவலாம் என்று இருந்தான்.

ஆடி இருபதாம் தேதி, மதியம் பன்னிரண்டு மணி. போன் அடித்தது. சின்னமனூர் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல். வார்டன் பெயர் ஞானதுரை.

"நூத்தியிருபது மெத்தை வேணும். ஆறுக்கு மூணு. என்ன ரேட்?"

ஒச்சப்பனுக்கு ரேட் எங்கே தெரியும்? கம்பெனிப் பெண் சொன்னபடி ஹோல்டை அமுக்கிவிட்டு உறைக்கு வெளியே தலையை நீட்டித் தவசியைக் கூப்பிட்டான். தவசிக்குக் கேட்கவில்லை. முதுகைத் தட்டினான். லைன் கட்டானதும் சொல் என்று தவசி கையைக் காட்டினான். ஒச்சப்பன் சீட்டில் எழுதி நீட்டினான். தவசி கண்ணை இறுக மூடிக்கொண்டான். படிப்பதும் உபயோகம்தானே?

லைனைக் கட் பண்ணக் கூடாது. கட் பண்ணாமல் தவசி பஞ்சை எடுக்க மாட்டான். ஒச்சப்பன் உறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். சுவரைப் பார்த்து இரண்டு பேர். சின்னமனூரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒருத்தர்.

நாலு மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகியபடி ஒரு மனிதர் இறங்கினார். காதில் இன்னும் ஹோல்டு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க யாருய்யா போனை எடுத்தது?"

மெத்தை உறை அசைந்தது. "லைன்ல இருங்க சார்" என்றது.

"நேர்லயே வந்துட்டேன்யா. ரேட்டைச் சொல்லு."

"எனக்குத் தெரியாது சார். அந்தா உக்காந்திருக்கானே, அவனுக்குத்தான் தெரியும். ஆனா நீங்க லைன்ல இருக்கீங்க. அதனால அவனுக்குக் கேக்காது."

ஞானதுரை இருபது வருசம் காலேஜ் பையன்களை மேய்த்தவர். எல்லாம் பார்த்தவர். இதைப் பார்த்ததில்லை. நேரே போய்த் தவசியின் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார். எறியப் போனவர் நின்றார். விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன பஞ்சு?"

தவசி எழுந்து நின்று கையைக் கட்டினான். "காதுப் பஞ்சு சார். பிளான் ஒரு ஆளுக்குத்தான் சார்."

"மெத்தைக்கும் இதானா?"

"இதேதான் சார். காதுக்குன்னு தனியா வாங்குறதில்ல."

விதை இல்லை, குப்பை இல்லை. போன தடவை வாங்கிய கடைக்காரன் குப்பையாக அடைத்துக் கொடுத்துவிட்டானாம். பையன்கள் முதுகைச் சொறிந்துகொண்டு பரீட்சை எழுதினார்களாம். வார்டன் தன் போனைக் கட் பண்ணினார். தவசி அப்புறம்தான் வாயைத் திறந்து ரேட்டைச் சொன்னான். நூற்றியிருபது மெத்தைக்கும் ஆர்டர் எழுதியாயிற்று. உறைக்குள் ஒச்சப்பன் ரேட் காதில் விழாத அளவுக்கு அழுதுகொண்டிருந்தான். சந்தோசம்தான்.

ராப்பகலாய் அடைத்தார்கள், தைத்தார்கள். கடைசி மெத்தையில் பஞ்சு தீர்ந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் பள்ளம். ஒரு கைப்பிடி இருந்தால் போதும். கடையைக் கூட்டிப் பெருக்கியும் கிடைக்கவில்லை. தவசியும் மொக்கராசும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். காதில் அடைக்க வைத்திருந்ததை எடுத்துத் திணித்துத் தைத்தார்கள். ஆடி கடைசி நாள் நூற்றியிருபதும் ஹாஸ்டலில் இறங்கியது.

மறுநாள் ஆவணி ஒன்று. காலை எட்டு மணி. போன் அடித்தது.

தவசியும் மொக்கராசும் பஞ்சைத் தேடினார்கள். கடையில் ஒரு இழை இல்லை. புது லோடு திங்கட்கிழமைதான். விரலால் பொத்திக்கொள்ளுங்கள் என்று ஒச்சப்பன் சொன்னான்.

"வெரல் சந்துல கேக்கும்டா" என்றான் மொக்கராசு.

போன் ஓய்ந்து மறுபடி அடித்தது.

"நம்ம காதுப் பஞ்சு எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்றான் தவசி. "நூத்தியிருபதாவது மெத்தை. ஹாஸ்டல்ல சன்னல் ஓரம். மெத்தையோட மூலைல."

"அப்ப அங்க போயிக் காதை வைப்போம். ஒச்சப்பா, பேசி முடிச்சு லைன் கட்டானதும் யார்கிட்டயாவது சொல்லி அனுப்பு. அப்பத்தான் எந்திரிப்போம்."

எட்டேகால் பஸ்ஸை ஓடிப் பிடித்தார்கள். பஸ் கிளம்பிய பிறகுதான் ஒச்சப்பன் விடாமல் அடித்த போனை எடுத்தான். பால்சாமி.

"என்ன மாப்ள, ஆர்டர் புடிச்சியா?"

"புடிச்சாச்சு மச்சான். நூத்தியிருபது மெத்தை. நேத்தே எறக்கியாச்சு."

பால்சாமி நம்பவில்லை. "சும்மா அளக்காத. என்ன ரேட்டுக்குக் குடுத்தீங்க? அதைச் சொல்லு, நம்புறேன். சொல்லலேன்னா இன்னிக்கே வந்து மில்லுல ஏறு."

ஒச்சப்பன் பதறவில்லை. சொல்லிக்கொடுத்ததை மறக்கிற ஆளா அவன்? "ஒரு நிமிசம் இருங்க மச்சான்" என்று ஹோல்டை அமுக்கினான்.

ரேட் தெரிந்த தவசி சின்னமனூர் ஹாஸ்டலில், மெத்தை மூலையில் காதை வைத்துப் படுத்திருக்கிறான். பக்கத்தில் மொக்கராசு. லைன் கட்டாகாமல் எழுந்திருக்க மாட்டார்கள். தவசி வராமல் லைனைக் கட் பண்ண முடியாது.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்துவிட்டது. அந்த மெத்தைக்கு உரிய பையன் ஓரமாகப் படுத்துப் பழகிவிட்டான். ஒச்சப்பன் உறைக்குள் தும்மல் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறான். மில்லுக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவர் இன்னும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.